புரட்டிப் போட்ட பலகை

ஞாயிறு, மத்தியானம்

மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள், உன் குரலைக் கேட்டால் அப்படித்தான் தெரிகிறது. இங்கே நானும் உன் தங்கையும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், என் புருவத்தில் போட்ட ஐந்து தையலையும் பிரித்தாகிவிட்டது. நலம் என்று ஒரே சொல்லில் எழுதக் கை வரவில்லை, அதனால்தான் இத்தனை சுற்று. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை நீ முடித்துவைக்கிறாய். "சரிம்மா, புரியுதும்மா, ரெஸ்ட் எடுங்கம்மா" என்று மூன்று அம்மா போட்டு வாயை அடைத்துவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் இருபத்தெட்டு வருஷமாக பைண்டிங் பட்டறையில் ஊரார் எழுதியதையெல்லாம் மடித்து மடித்து எனக்கும் கொஞ்சம் எழுத்து வந்திருக்கிறது. கோபத்தைக் கூடப் பக்கம் மாறாமல் அடுக்கித் தைக்கத் தெரியும். உட்கார்ந்து முழுசாகப் படி.

வியாழக்கிழமை காலையில் தச்சர் வந்தார். என் சக்கர நாற்காலி வாசல்படி இறங்க நீ மரத்தில் ராம்ப் செய்தபோது உனக்குப் பலகை அறுத்துக் கொடுத்தாரே, எங்கே போனாலும் சட்டைப் பையில் ரசமட்டத்தோடு போவாரே, அவர்தான். குடை சொட்டச் சொட்டப் படிக்குக் கீழே நின்றுகொண்டு, "அக்கா, உங்க பலகையெல்லாம் என் ஷெட்டு ஓரத்துல மழையில நனையுது. உங்களுக்கு வேணாம்னா ஒருத்தர் கோழிக் கூண்டு அடிக்கக் கேக்கறாரு, குடுத்துரட்டுமா" என்றார். எந்தப் பலகை என்று கேட்டேன். என் பலகைதான் நான் விழுந்த அன்றே உடைந்து போய்விட்டதே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உடைஞ்சுதா? யாருக்கா சொன்னது? ஒரு ஆணி கூட வளையல. தம்பிதான் போன் பண்ணாரு. அம்மாவுக்குப் பலகையப் பாத்தாலே நடுக்கமா இருக்காம், ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றதுக்குள்ள எடுத்துருங்க, இது அம்மாவே சொல்லச் சொன்னதுன்னு சொன்னாரு" என்றார். சொல்லிவிட்டு, தான் ஏதோ உளறிவிட்டோம் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், குடையை மடக்கினார், திரும்பவும் விரித்தார். ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

ஆக, என்னிடம் சொன்னது ராம்ப் உடைந்துவிட்டது என்று. அவரிடம் சொன்னது அம்மாவே எடுக்கச் சொன்னாள் என்று. இரண்டு பேரிடம் இரண்டு பொய், இரண்டையும் சொன்னது ஒரே வாய், அந்த வாய்க்குச் சோறு ஊட்டியது நான். உடைந்தது என்று சொன்னதைக் கூட மன்னித்துவிடுவேன், அது மரத்தைப் பற்றிய பொய். நான் சொல்லாததை நான் சொன்னதாகச் சொன்னாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. முதுகில் இருந்த கட்டியை எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. என் வாய் இன்னும் என் வாய்தான். அதை யாருக்கும் நான் இரவல் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கிப் பார்த்தால் வாசலில் ராம்ப் இல்லை, வெறும் இரண்டு படி. ஆட்டோக்காரரும் உன் தங்கையும் சேர்ந்து என்னை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அதற்குப் பிறகு இருபது நாள். நடுவில் தையல் பிரிக்க ஒரு தரம் தூக்கி இறக்கினார்கள், அவ்வளவுதான். உனக்கு இரண்டு படி என்றால் என்ன என்று தெரியாது, நீ அதை ஒரே தாவலில் தாண்டுகிறவன். நான் காலையில் வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்து நின்றுவிடுவேன். மேல்படியின் வலது மூலையில் சிமென்ட் பெயர்ந்து ஒரு காது மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் வாடகைக்கு இருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை, இப்போது கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். பட்டறை முதலாளி முதல் வாரம் மடிக்கிற வேலையைக் கட்டாகக் கட்டி வீட்டுக்கே அனுப்பினார். இரண்டாவது வாரம் கட்டு சிறுத்தது. மூன்றாவது வாரம், என் மேசையில் வேறு ஒருத்தியை உட்கார வைக்கலாமா, இல்லை திங்கட்கிழமைக்குள் நான் வந்துவிடுவேனா என்று கேட்டு ஆள் அனுப்பினார். அவர் மேல் தப்பு இல்லை. எனக்காக அந்த மேசையின் காலை நான்கு விரல் அறுத்துக் கொடுத்தவர் அவர். வேலை நடக்க வேண்டாமா. ஆனால் அந்த ஆள் வந்து கேட்டுவிட்டுப் போன பிறகு என் கையில் இருந்த தாளை நான் கோணலாக மடித்துவிட்டேன், அது உனக்குத் தெரிய வேண்டும். நான் கோணலாக மடித்து நீ பார்த்திருக்கிறாயா.

இந்த நிமிஷம் போன் அடிக்கிறது. மணி நான்கு. உன் ஞாயிற்றுக்கிழமை போன். சின்னவள் என் முகத்தைப் பார்க்கிறாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். அடித்து ஓயட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போனைப் பற்றித்தான் அடுத்து எழுத வேண்டும். நீ லீவில் வந்து ராம்ப் செய்துவிட்டுப் போன இரண்டாவது மாதம் வீடியோவில், "அம்மா, ராம்ப்பைக் காட்டுங்க" என்றாய். காட்டினோம். "என்னம்மா இப்படி வெளுத்துப் போச்சு, பாத்துக்கறதே இல்லையா? ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் போட்டோ காட்டிருக்கேன்" என்றாய். வெயிலிலும் மழையிலும் கிடக்கிற மரம் மணப்பெண் மாதிரியா இருக்கும். ஆனாலும் உன் முகம் சுருங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. பட்டறையில் மங்கிப்போன அட்டையைப் பளபளப்பாக்க மெஷின் எண்ணெயைத் துணியில் இரண்டு சொட்டு விட்டுத் துடைப்போம். அதையே உன் தங்கையைச் செய்யச் சொன்னேன். அடுத்த ஞாயிறு நீ பார்த்தாய், "சூப்பர்மா, புதுசு மாதிரி இருக்கு" என்றாய், யாரையோ கூப்பிட்டுக் காட்டினாய். அன்றையிலிருந்து பதினான்கு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்கு எண்ணெய், நான்கு மணிக்கு நீ. திங்கட்கிழமை முழுக்கப் பலகை வழவழ என்று இருக்கும், நான் இறங்க மாட்டேன். சாயங்காலம் இவள் வேலை முடிந்து வந்து சோப்புத் தண்ணீர் ஊற்றி முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெயை எடுப்பாள், செவ்வாய்க்கிழமைதான் நான் பட்டறைக்குப் போவேன். முதலாளியிடம் திங்கட்கிழமை எனக்கு ஆகாது என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் நான் ஏதோ நாள் கிழமை பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார். உன் பெருமைக்கு வாரத்தில் ஒரு நாளை அறுத்துக் கொடுத்திருக்கிறேன், அதை யாரிடமும் சொன்னதில்லை.

நான் விழுந்த அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூட நோட்டு அவசரம், "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வாங்கக்கா" என்று சொல்லி அனுப்பினார்கள். சின்னவள் வேலைக்குப் போய்விட்டாள். மெதுவாக இறங்கிவிடலாம் என்று நினைத்தேன், அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். பாதி இறங்கும்போதே சக்கரத்தை இரண்டு கையால் இறுக்கிப் பிடித்தேன். சக்கரம் நின்றது, நாற்காலி நிற்கவில்லை. எண்ணெயில் அப்படியே வழுக்கி வலது பக்கம் போனது. ஓரத்தில் தடுப்புக் கட்டை இருந்திருந்தால் முட்டி நின்றிருக்கும். ஓரக்கட்டை அடிக்கட்டுமா என்று தச்சர் கேட்டதற்கு, அது இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்றவன் நீ. நாற்காலி கவிழ்ந்து சுவர் ஓரக் கல்லில் என் புருவம் பட்டது. டாக்டர் ஐந்து தையல் போட்டார். நான் நோட்டுக்கே அதைவிட நெருக்கமாகப் போடுவேன்.

அன்றைக்கு உன் தங்கைக்குப் போன் செய்து என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், காதை மூடவில்லை. உன் சத்தம் போனைத் தாண்டி வந்தது. "டிகிரி வாங்கி என்ன பிரயோஜனம், ஒரு பலகையை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல, உன்னாலதான் அம்மா விழுந்தாங்க" என்று கத்தினாய். அவள் என்ன பதில் சொன்னாள் தெரியுமா. "சரிண்ணா" என்றாள். நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். நீ ஐடிஐ முடித்து அத்தனை தூரம் போனாய், அது பெரிய விஷயம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு வாய் வராது என்பதற்காக உன் வாயை அவள் மேல் கொட்டாதே. அவளுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. நான் தைத்துக் கொடுத்த நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இந்தப் பலகையைப் பற்றி வாரா வாரம் எழுதியிருக்கிறாள். மூன்றாவது பலகை, இடது திருகாணி தலை தூக்குகிறது, இறுக்கியாச்சு. ஐந்தாவதில் சிலாம்பு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நிழல் பக்கம் பாசி. கீழ் முனையில் திருப்புளியால் குத்திப் பார்த்தேன், நகக்கண் அளவு உள்ளே போகிறது, மரம் ஊறுகிறது. அடுத்த மாதம், அரை விரல் உள்ளே போகிறது, அண்ணனிடம் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த ஞாயிறு, அண்ணனிடம் சொன்னேன், கீழே பெயிண்ட் அடி என்றார். இப்படி ஒவ்வொரு வாரமும். நடுநடுவே, ஞாயிறு எண்ணெய், திங்கள் கழுவியாச்சு, ஞாயிறு எண்ணெய், திங்கள் கழுவியாச்சு. அதில் ஒரு தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கிழிக்கவில்லை, பிரித்து எடுத்தேன், தைத்தவளுக்குப் பிரிக்கவும் தெரியும். எண்ணெய் பூசியது அவள் கை, பூசச் சொன்னது நான், சொல்ல வைத்தது நீ. பழியைப் பங்கு போடுவதாக இருந்தால் இந்த வரிசையில் போடு.

இனி நடந்ததைச் சொல்கிறேன், உன்னைக் கேட்டுச் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை இவள் லீவு போட்டாள். தச்சர் பலகையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். நான் வாசலில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தேன். முதலில் உன் வேலையைப் பற்றி அவர் சொன்னதைக் கேள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் மயிரிழை கூட இடைவெளி இல்லாமல் நெருக்கி அடித்திருக்கிறாய், அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி நல்லாப் படிச்சவருதான், தண்ணின்னு ஒண்ணு இருக்குன்னு அவருக்கு யாரும் சொல்லலையாக்கா" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, உன்னைச் சொன்னதில் கோபமும் வந்தது. பெற்றவள் புத்தி அப்படி. தாங்குகிற இரண்டு நீளக் கட்டையின் கால் மண்ணில் புதைந்து சோறு மாதிரி குழைந்திருந்தது. அதை அறுத்துவிட்டுப் புதுக் கட்டை ஒட்டு வைத்து, மண்ணில் படாமல் தட்டைக் கல்லின் மேல் நிறுத்தினார். அப்புறம் பலகைகளுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிடலாம், பழைய நிறத்திலேயே பளிச்சென்று வரும் என்றார். அப்போது பின்னாலிருந்து சின்னவள் ஏதோ சொன்னாள், அவர் காதில் விழவில்லை. திரும்பச் சொன்னாள், இழைப்புளிச் சத்தத்தில் போய்விட்டது. மூன்றாவது தரம் அவருக்கு நேராக வந்து நின்று, "புரட்டிப் போடுங்க அண்ணே" என்றாள். பெயிண்ட் பக்கம் கீழே போகட்டும், இழைக்காத அடிப்பக்கம் மேலே வரட்டும், அதில்தான் சக்கரத்துக்குப் பிடி கிடைக்கும் என்றாள். அவர் ரசமட்டத்தை எடுத்து நெற்றியில் தட்டிக்கொண்டு, "இத முதல்லயே சொல்லக் கூடாதா கண்ணு, ரெண்டு பலகைய இழைச்சே போட்டுட்டேனே" என்றார்.

பன்னிரண்டு பலகையையும் புரட்டினோம். நீ ஊர் முழுக்கக் காட்டின பளபளப்பு இப்போது மண்ணைப் பார்த்துக் கிடக்கிறது. ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் இரண்டு பைண்டிங் அட்டையை நிற்க வைத்து, அந்தக் கனத்துக்கு இடைவெளி விட்டு முடுக்கினார், அட்டை நான் எடுத்துக் கொடுத்தது. இரண்டு ஓரத்திலும் என் கை அகலத்துக்குத் தடுப்புக் கட்டை. மரத்துக்குள் இறங்குகிற பூச்சு இரண்டு தரம் அடித்து, சக்கரம் போகிற இரண்டு தடத்துக்கு மட்டும் பெயிண்டில் சலித்த மணல் தூவிவிட்டார். நடுவில் நீ பென்சிலால் போட்ட எண்கள் மேலே தெரிகின்றன. ஒன்றிலிருந்து பதினொன்று வரை எழுதியிருக்கிறாய், ஏழு இரண்டு தரம் வருகிறது. எண்ணத் தெரியாதவனையா நம்பி நாற்காலியை விட்டோம் என்று நானும் இவளும் சிரித்தோம். அதை உப்புத்தாளால் தேய்த்து அழிக்கட்டுமா என்று தச்சர் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று என்னைக் கேட்காதே.

அடுத்த வருஷம் வந்து சிமென்ட்டில் போட்டுத் தருகிறேன், அதுவரை உள்ளேயே இருங்கள் என்று போன வாரம் சொன்னாய். வீட்டுக்காரர் சிமென்ட்டுக்கு விட மாட்டார் என்பதால்தானே மரத்தில் செய்தோம், மறந்துவிட்டாயா. சரி, விடுவார் என்றே வைத்துக்கொள். உன் லீவு வரும்வரை நான் வாசலில் உட்கார்ந்து பெயர்ந்த சிமென்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா. நீ பயந்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா போனபோது உன்னால் வந்து சேர முடியவில்லை, அது உன் தொண்டையில் இன்னும் நிற்கிறது. அந்தப் பயத்தை என்னிடம் பயம் என்றே சொல்லியிருக்கலாம், நான் உன்னை ஏசியிருக்க மாட்டேன். நீயோ அதைப் பாசம் என்று பெயர் மாற்றி என் வாசலைப் பிடுங்கி ஒருவர் ஷெட்டில் போட்டுவிட்டாய். பூச்சு காயட்டும் என்று இரண்டு நாளாக யாரும் மிதிக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், கை வலிக்கிறது.

திங்கள், காலை

மேலே இருப்பது நேற்று எழுதியது. இதை என் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடியற்காலையில் ஒரு தூறல் போட்டது. மரம் நனைந்திருக்கிறது, இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே என்று சின்னவள் கண்ணாலேயே கெஞ்சினாள். ஈரத்தில் சக்கரம் நிற்காது என்றால் எதற்கடி அத்தனை மணல் என்று கேட்டேன். அவள் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டாள், தொடவில்லை. மேலே இருந்த தண்ணீர் இடைவெளி வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே போய்விட்டிருந்தது. சக்கரத்தை விட்டேன், பிடித்தேன், விட்டேன், பிடித்தேன். பிடித்த இடத்தில் நின்றது. மணலில் கரகர என்று சத்தம் வந்தது, இந்த இருபது நாளில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான். இரண்டாவது ஏழில் நின்று ஒரு மூச்சு வாங்கினேன், பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இறங்கிவிட்டேன். பட்டறை வாசலில் கட்டிங் மெஷின்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, திங்கக்கிழமை உங்களுக்கு ஆகாதுன்னீங்க" என்று கேட்டார். இனிமேல் ஆகும் என்று சொன்னேன். என் மேசையில் யாரோ பசைக் கிண்ணத்தை இடது பக்கம் வைத்திருக்கிறார்கள். வலது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டேன்.

நீ நன்றாக இரு. மருமகளைக் கேட்டதாகச் சொல், அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயைக் குடித்துக்கொண்டே வேலை பார்க்காதே. உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று தினமும் நினைக்கிறவள்தான் இத்தனையும் எழுதினேன். ஞாபகம் வைத்துக்கொள்ள இரண்டு விஷயம். தங்கையிடம் பேசு, என் போனில் இல்லை, அவள் போனில். அவள் "சரிண்ணா" என்று சொன்னவுடன் வைத்துவிடாதே, அதற்குப் பிறகு கொஞ்சம் காத்திரு, அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இன்னொன்று, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை பலகையைக் காட்டச் சொல்லாதே. என்னைப் பார்க்க வேண்டுமானால் கூப்பிடு. நான் எடுக்கவில்லை என்றால் பதறாதே, யாருக்கும் போன் போட்டு விசாரிக்காதே. வெளியே போயிருப்பேன்.

இப்படிக்கு,
தன் வாயால் தானே சொல்லுகிற
உன் அம்மா